தோண்டுவதற்கு முன் கிணற்றை அளந்தது யார்?

2017 பெப்ரவரி முழுக்க, பொழுது சாய்ந்தால் இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தோட்ட லயங்களில் டிவியில் நெடுவாசல்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த சனத்தைத் தமிழ்நாட்டுச் செய்திகள் மணிக்கணக்கில் காட்டின. நிலத்தடியிலிருந்து ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டம் வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை. அதே வருடம் ஜூன் கடைசியில் பண்டாரவளை டவுனில் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். உமா ஓயா நீர்மின் திட்டத்துச் சுரங்கத்தால் கிணறு வற்றிப்போச்சு, சுவர் வெடிச்சுப்போச்சு, யார் பொறுப்பு என்று அவர்கள் கேட்டார்கள்.

இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தவர்கள் மனதில் இரண்டும் கலந்துவிட்டன. "நம்ம மலையிலயும் கேஸ் எடுக்கப் போறாங்களாமே" என்று இன்றைக்கும் சிலர் கேட்பதுண்டு. இல்லை. எடுப்பதற்கு இங்கே எதுவும் கிடையாது. நம் மலைநாடு நிற்பது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறைமேல். எரிவாயு இருக்க வேண்டுமானால் பழைய உயிர்களின் மிச்சம் படிந்த படிவுப்பாறை வேண்டும். இலங்கையில் அப்படிப்பட்ட இடம் மன்னார்க் கடற்படுகை. 2011இல் கெய்ர்ன் இந்தியா கம்பனி அங்கே இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. அது கடல், நமக்கு வெகு தூரம்.

ஆனாலும் அந்தக் கேள்வியை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிராக்கிங் பற்றி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பதினைந்து வருடத்துக்கு மேலாக நடக்கும் சண்டையைக் கிட்டப்போய்ப் பார்த்தால், அது பண்டாரவளையில் நடந்த சண்டைதான். ஆட்களும் பாறையும் வேறு, கிணறு ஒன்றுதான்.

முதலில் பிராக்கிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நிலத்துக்குக் கீழே ஒன்றரை முதல் மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் ஷேல் என்ற இறுகிய களிப்பாறை இருக்கிறது. அதற்குள் வாயு உண்டு, ஆனால் வெளியே வர வழி இல்லை. நேராகக் குழாய் இறக்கி, ஷேல் வந்ததும் கிடையாகத் திருப்பி, பெரும் அழுத்தத்தில் தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் இரசாயனங்களையும் செலுத்துகிறார்கள். பாறை மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது. மணல் உள்ளே புகுந்து விரிசல் மூடாமல் முட்டுக் கொடுக்கிறது. வாயு குழாய் வழியே மேலே வருகிறது. இப்படி ஒரு எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கோடி லீற்றருக்கு மேலும் தண்ணீர் போகும். 1949இலேயே வணிக ரீதியில் தொடங்கிய முறை இது. 1990களின் கடைசியில் டெக்சஸ் மாநிலத்தில் ஜோர்ஜ் மிச்செல் என்பவரின் கம்பனி ஷேலில் இதை இலாபத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெருகியது.

இரண்டு கிலோமீற்றர் ஆழத்தில் உண்டான விரிசல் நேராக மேலே ஏறி வந்து குடிநீர்க் கிணற்றைத் தொடுவது அபூர்வம். இதைக் கம்பனிகள் சொல்லும்போது உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் தவறு நடக்கும் இடம் வேறு. குழாயைச் சுற்றி ஊற்றும் சிமெந்து சரியாகப் பிடிக்காவிட்டால், இடைப்பட்ட மட்டங்களில் உள்ள வாயு அந்த இடுக்கு வழியாக மேலேறும். திரும்பி வரும் உப்பு நீர் தரையில் கொட்டிப்போகலாம். அந்தக் கழிவு நீரை ஆழத்தில் செலுத்தி ஒழிக்கும்போது பழைய பிளவுகள் நழுவலாம். ஒக்லஹோமாவில் 2016இல் 5.8 அளவில் வந்த பூகம்பத்துக்குக் கழிவு நீரைச் செலுத்தியதே காரணம் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. "பிராக்கிங்கால் பாதிப்பு இல்லை" என்று கம்பனி சொல்லும்போது, பாறையை உடைக்கும் அந்தச் சில நாள் வேலையை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறது. சனம் கேட்பது லொறி வந்ததிலிருந்து போகும் வரைக்குமான முழு வேலையைப் பற்றி. இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசினால் நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பென்சில்வேனியா மாநிலத்தில் டிமொக் என்று ஒரு சின்ன ஊர். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது, உள்ளே மீத்தேன் சேர்ந்திருந்தது. பக்கத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தது கெபொட் என்ற கம்பனி. பல வீடுகளின் கிணற்று நீரில் வாயு கலந்திருந்தது. மாநில அரசின் சுற்றாடல் திணைக்களம் கம்பனிமேல் குற்றம் கண்டது. பக்கத்து ஊரிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவர 118 இலட்சம் டொலரில் திட்டம் போட்டது. அப்புறம் 2010 டிசம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, வீட்டுக்காரர்களுக்கு 41 இலட்சம் டொலர் கொடுப்பதாகக் கம்பனியோடு சமரசம் செய்துகொண்டது. கம்பனியோ முதலிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிவந்தது: இந்தப் பகுதிக் கிணறுகளில் மீத்தேன் காலங்காலமாக உண்டு.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்தப் பகுதியில் சில கிணறுகளில் மீத்தேன் இயற்கையாகவே இருந்தது மெய்தான். கொலராடோவில் குழாய்த் தண்ணீர் தீப்பற்றி எரியும் காட்சி உலகம் முழுக்கப் பரவியதே, அங்கேயும் மாநில ஆணையம் ஆராய்ந்தபோது ஒரு வீட்டின் வாயு மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களால் உண்டானது, துளையிட்டதால் வந்ததல்ல என்று தெரிந்தது. அப்படியானால் டிமொக்கில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது? துளையிடுவதற்கு முன் அந்தக் கிணறுகளை யாராவது சோதித்துக் குறித்து வைத்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் விவகாரம். அது முடிய 13 வருடம் ஆனது. 2022 நவம்பரில், பெயர் மாறி கொட்டெரா ஆகியிருந்த அதே கம்பனி, குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், பொதுக் குழாய்த் தண்ணீருக்கு 163 இலட்சம் டொலர் அளவில் கொடுக்க ஒப்புக்கொண்டது. முதலில் போட்ட திட்டத்துக்கே திரும்பி வந்தார்கள், கூடுதல் விலையில்.

ஆய்வுகளும் இதே பள்ளத்தில்தான் விழுந்தன. 2011இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிவாயுக் கிணறுகளிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். பிராக்கிங் இரசாயனம் கலந்ததற்கு அடையாளம் இல்லை என்றும் அதே கட்டுரையில் எழுதினார்கள். உடனே வந்த கேள்வி: முன்பு எவ்வளவு இருந்தது? அவர்களிடம் பதில் இல்லை. 2015இல் வேறொரு குழு 11,000க்கும் மேற்பட்ட கிணறுகளின் அளவீடுகளை வைத்து, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்றது. அந்த அளவீடுகள் வந்தது செசபீக் என்ற எரிவாயுக் கம்பனியிடமிருந்து. ஆய்வாளர்களுக்குக் கம்பனியோடு இருந்த தொடர்பை முழுதாகச் சொல்லவில்லை என்று ஆய்விதழ் பின்னர் திருத்தம் போட வேண்டியதாயிற்று. முதல் ஆய்வில் முந்தைய அளவு இல்லை. இரண்டாவதில் அளவு இருந்தது, ஆனால் அளவுகோல் கம்பனியின் கையில் இருந்தது.

அமெரிக்க அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2015இல் வெளியிட்ட வரைவில், குடிநீருக்குப் பரவலான பாதிப்புக்கு ஆதாரம் காணவில்லை என்று ஒரு வாக்கியம் இருந்தது. 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. சில சூழ்நிலைகளில் பாதிக்கும், எவ்வளவு அடிக்கடி என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்று மாற்றினார்கள். ஒரு தரப்பு வரைவைக் காட்டுகிறது, மறு தரப்பு இறுதி அறிக்கையைக் காட்டுகிறது. தரவு போதாது என்ற பகுதியை இருவருமே சத்தமாக வாசிப்பதில்லை. இதோடு, 2005ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் டீசல் கலக்காத பிராக்கிங்கைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியிருந்தது. அப்போதைய துணை ஜனாதிபதி டிக் செய்னி, இந்தத் தொழிலில் பெரிய பெயரான ஹாலிபர்ட்டனின் முன்னாள் தலைவர். விலக்கை அந்தக் கம்பனியின் பெயராலேயே "ஓட்டை" என்று சனம் அழைத்தது. ஒருமுறை அப்படிப் பெயர் வந்தால், பிறகு ஒழுங்காக நடக்கும் கம்பனியின் பேச்சும் எடுபடாது.

பென்சில்வேனியா பிறகு கற்றுக்கொண்டது. 2012இல் வந்த 13ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால், கெடுத்தது கம்பனி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தான் இல்லை என்று கம்பனிதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு எளிய வழி, துளையிடும் முன்பே கிணற்றைச் சோதித்து வைத்திருப்பது. சட்டம் யாரையும் "சோதி" என்று கட்டளையிடவில்லை. சோதிக்காவிட்டால் பணப்பை பதில் சொல்லும் என்றது. கம்பனிகள் தாமாகவே போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறின. நெதர்லாந்தில் பிராக்கிங் இல்லாமலே, குரோனிங்கன் வயலில் பல பத்தாண்டு வாயு எடுத்ததால் நிலம் நடுங்கியது. 2012இல் 3.6 அளவில் ஒரு அதிர்வு வந்தது. 2016 கடைசியிலிருந்து அங்கேயும் சட்டம் மாறியது: அந்தப் பகுதி வீட்டுச் சுவரில் அந்த மாதிரி வெடிப்பு வந்தால் காரணம் எரிவாயு என்றே அனுமானம். 2024இல் அந்த வயலையே மூடிவிட்டார்கள். இங்கிலாந்தின் லங்காஷயரில், பிராக்கிங் தொடங்குமுன்பே பிரித்தானிய நிலவியல் ஆய்வகம் நிலத்தடி நீரையும் நில அதிர்வையும் அளந்து வைத்திருந்தது. 2019 ஓகஸ்டில் 2.9 அளவில் அதிர்வு வந்தபோது "இது வழக்கமானதுதான்" என்று சொல்ல யாராலும் முடியவில்லை. நவம்பரில் அரசு நிறுத்திவிட்டது.

சரி, இப்போது ஊருக்கு வருவோம்.

உமா ஓயா வெலிமடைப் பக்கம் ஓடி மகாவலியில் சேரும் ஆறு. புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, அதன் நீரை மலைக்குள் சுரங்கம் வழியாக மறுபக்கம் தள்ளி, வெல்லவாயவுக்கு அருகே நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவோட் எடுத்து, மிச்ச நீரைத் தெற்கே வரண்ட நிலங்களுக்குக் கொடுப்பது திட்டம். 2008 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் வந்து அடிக்கல் நாட்டினார். ஒப்பந்தக்காரர் ஈரானின் ஃபராப் கம்பனி, செலவு 529 மில்லியன் டொலர். சுற்றாடல் தாக்க மதிப்பீடு மக்கள் பார்வைக்கு வந்தது அடிக்கல்லுக்குப் பிறகு. கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்த்த கதை.

சுமார் 15 கிலோமீற்றர் நீளமான பெரிய சுரங்கம் பண்டாரவளைப் பக்கத்து மலைக்கு அடியில் போகிறது. நம் பாறைக்குள் குளமோ ஆறோ கிடையாது. நீர் இருப்பது பாறையின் வெடிப்புகளிலும், அதற்கு மேலே உக்கிப்போன மண்ணிலும். நீர் தேங்கிய வெடிப்பு ஒன்றைச் சுரங்கம் குறுக்கே வெட்டினால், அதுவே மலைக்கடியில் வெட்டிய வடிகான் ஆகிவிடும். 2014 டிசம்பரில் அதுதான் நடந்தது. தண்ணீர் சுரங்கத்துக்குள் பீறிட்டது. மேலே ஹீல் ஓயா, மகுலெல்ல போன்ற கிராமங்களில் கிணறும் ஊற்றும் வற்றின. பிறகு வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சுமார் 7,000 வீடுகள் என்று அன்றைய செய்திகள் எண்ணின. பவுசரில் தண்ணீர் வந்தது.

தண்ணீர் போனால் சுவர் ஏன் வெடிக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பச்சைக் கொழுந்தைப் பரப்பும்போது இருக்கும் உயரம் மறுநாள் காலையில் இருக்காது. ஈரம் போனதும் கொழுந்து அமுங்கிவிடும். மண்ணும் அப்படியே. துகள்களுக்கு நடுவே இருந்த நீரும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது வடிந்ததும் முழுப் பாரமும் துகள்கள்மேல் இறங்க, மண் இறுகித் தாழ்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தாழ்வதில்லை. வீட்டின் ஒரு மூலை இறங்கி மறு மூலை நின்றால் சுவர் கிழியும்.

மறு தரப்பின் வாதமும் உண்டு. பதுளை மாவட்டம் மண்சரிவுக்குப் பேர்போனது, வரட்சி அடிக்கடி வரும், பல வீடுகளின் அத்திவாரம் பலவீனம். ஒவ்வொன்றும் தனித்தனியே உண்மை. டிமொக்கில் "மீத்தேன் முன்பே இருந்தது" என்பதும் தனியே உண்மையாக இருந்ததைப் போல. 2013 ஜூலையில் இன்னின்ன கிணற்றில் இத்தனை அடி தண்ணீர், இன்ன சுவரில் வெடிப்பு இல்லை என்று வீட்டுக்காரர் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்திருந்தால் இந்த வாதங்கள் ஒரு வாரம் தாங்கியிருக்காது. தாள் இல்லாததால் நட்டஈடு கேட்டுப் போன மனிதர் தன் கிணற்றில் ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை. சுரங்கத்தின் கசிவைச் சிரமப்பட்டு அடைத்தார்கள். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். இன்று அது மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. 2022 மின்வெட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

மலையகத்தில் மின்சாரத்தின் மீதுள்ள சந்தேகம் உமா ஓயாவோடு தொடங்கவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918லேயே லக்சபான நீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதினார், 1950இல் அது வந்தது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும், சனம் போய்ப் பார்த்து வரும். அந்த நீர்த்தேக்கங்களின் கரையிலேயே இருந்த லயங்களில் எத்தனையோ காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபோது சென் கிளயார் நீர்வீழ்ச்சிக்காகக் குரல் எழுந்ததும், சுற்றாடல் அதிகார சபை முதலில் மறுத்து, மேன்முறையீடு நடந்து, திட்டம் சுருங்கி, 2012இல் 150 மெகாவோட்டாக முடிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டையை ஒரு தோல்வியாக நான் பார்க்கவில்லை. பல ஓடைகளைத் திருப்புவதாக இருந்தது, எதிர்ப்பு வந்ததால் குறைந்தது. ஒரு அதிகார சபை "இல்லை" என்று சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது.

ஒழுங்குபடுத்துபவர் "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2023 இன்னொரு உதாரணம். பெப்ரவரியில் மின்கட்டணம் 66 வீதம் ஏறியது. அதைப் பகிரங்கமாக எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை மே மாதம் நாடாளுமன்றம் வாக்களித்து நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பது தனி வாதம். கட்டணத்தையே சுதந்திரமாகச் சொல்ல முடியாத ஆணைக்குழு இருக்கும் நாட்டில், ஒரு சுரங்கத்தின் கசிவைச் சுதந்திரமாகச் சொல்வார்கள் என்று சனம் எப்படி நம்பும்?

அளந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அங்கே அளவு இருந்தது, தாளும் இருந்தது. மாறிப் போக இடமும் காணியும் கொடுத்தவர்தான் இல்லை.

பென்சில்வேனியா மாதிரி ஒரு சட்டத்தை இங்கே கொண்டுவந்தாலும் ஒரு முடிச்சு விழும். அங்கே காணிக்காரருக்கே கிணறு. இங்கே தோட்டத்தில் இருப்பவருக்கு லயக் காம்பராவும் சொந்தமில்லை, பீலியில் ஊற்றுத் தண்ணீர் வரும் மலையும் சொந்தமில்லை. நிலம் அரசினது, 1992க்குப் பிறகு பெரும்பாலும் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. லயத்துச் சுவர் வெடித்தால் நட்டஈட்டுப் படிவத்தில் "உரிமையாளர்" என்ற இடத்தில் யார் பெயர்? ஆகவே நம் ஊருக்கு வேண்டிய சட்டத்தில் "உரிமையாளர்" என்று இருக்கக் கூடாது, "அந்த நீரைப் பாவிப்பவர்" என்று இருக்க வேண்டும். இந்த ஒரு சொல்லுக்காக மலையகப் பிரதிநிதிகள் யாராவது சபையில் எழுந்து பேசினால் நன்றாக இருக்கும்.

அதுவரை கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை சில உண்டு. 50 மெகாவோட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டம் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அந்தக் கருத்தில் "திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். "எங்கள் பக்கத்தில் எந்தெந்தக் கிணற்றை, எந்த மாதம், யார் அளந்தீர்கள், பிரதியைத் தாருங்கள்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும், அல்லது அளக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதே கேள்வியை அரச அலுவலகத்துக்குத் தமிழிலேயே கேட்கலாம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். பத்து லீற்றர் வாளியைப் பீலிக்கு அடியில் வைத்து நிறைய எத்தனை வினாடி என்று போனில் பார்க்கலாம். கிணறு என்றால் கல் கட்டிய கயிறு போதும். மாதம் ஒரு தடவை, திகதி போட்டு, ஒரு படம் எடுத்து, இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் முடிந்தது. சுவருக்கும் அப்படியே, வெடிப்பு இல்லாத சுவரின் படம்தான் பின்னாளில் பெறுமதியானது. எங்கள் அம்மாயி பீலியைக் கண்ணாலேயே அளப்பார். மாசி கடைசியில் "விரல் தண்டி", ஐப்பசியில் "கை தண்டி" என்பார், அறுபது வருடக் கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. போன மாதம் கொப்பியோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விரல் தண்டி" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் வினாடியையும் போட்டேன். "எதுக்குடி இது, நாந்தான் இருக்கேனே" என்றார்.